அம்மாவை முதுகுப்புறமாக வரைந்தவள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் மேல் எனக்கு வந்த பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நேர்மையாக எழுதலாம். (முடியுமா, தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: "சிஞ்சு நகரத்தின் கடற்காற்று அன்று..." வேண்டாம். காற்றில் தொடங்கும் கதைகள் தைவானில் ஏற்கெனவே நிறைய.

இரண்டாவது: மாலை வகுப்பில் குழந்தைகளுக்குக் குடும்பப் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறேன். முட்டை வடிவம், நடுவே ஒரு கோடு, கோட்டின் மேல் கண்கள். எல்லோரும் அப்படியே வரைந்தார்கள். பின் யூ என்ற ஏழு வயதுக்காரி மட்டும் அம்மாவின் முதுகை வரைந்தாள். ஸ்கூட்டர், விரிசலில் மஞ்சள் டேப் ஒட்டிய ஹெல்மெட், எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க முன்பின் மாற்றிப் போட்ட ஜாக்கெட், முதுகில் திறந்த ஜிப்பின் நடுவே பூப்போட்ட சட்டை.

"முகம் எங்கே, பின் யூ?"

"முன்னாடி இருக்கு டீச்சர். நான் பின்னாடிதானே உக்காருவேன்."

3

முகமில்லாத படம் கண்காட்சிச் சுவரில் ஏறாது என்றார் வகுப்பை நடத்தும் ஷியே அக்கா. அம்மாவின் மனசு நோகுமாம். வேறு வரையச் சொன்னேன். பின் யூ அழவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, இதை மாட்டாவிட்டால் தன் படம் எதுவுமே வேண்டாம் என்றாள்.

[இங்கே நான் அக்காவிடம் துணிச்சலாக... இல்லை, எதுவும் பேசவில்லை. கண்காட்சி அன்று அவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து அந்தப் படத்தை ஆணியில் மாட்டினேன். அவர் கவனித்தபோது பெற்றோர் உள்ளே வந்துவிட்டார்கள்.]

4

பெயர்களை மறைத்து வைத்திருந்தோம். பெற்றோர் தங்கள் படத்தைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், அக்காவின் விளையாட்டு. என் முட்டைகள் சுவர் முழுக்க ஒரே மாதிரி சிரித்தன. ஒருவர் பெருமையாக ஒரு படத்தின் கீழே நின்று போட்டோவுக்குத் தயாரானார்.

"அது நம்ம குடும்பம் இல்லைங்க," என்றார் அவர் மனைவி. "எனக்கு எப்ப மீசை முளைச்சுது?"

பின் யூவின் அம்மா அரிசிச் சேமியா ஆலையிலிருந்து, ஹெல்மெட்டும் கையுமாக வந்தார். வாசலிலிருந்து நேராக ஒரே படத்தை நோக்கி நடந்தார்.

"இது நான்," என்றார். பிறகு மகளிடம், "ஏண்டி, பின்னாடி சட்டை இப்படித் தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். அதே மஞ்சள் டேப். மீசைக்காரி முதலில் கைதட்டினார், பிறகு எல்லோரும். பின் யூ அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் வரைந்த யாரும் தன் படத்தை நோக்கி இப்படி நடந்து வந்ததில்லை.

5

முடிவுகள் மூன்று எழுதினேன். அக்கா மன்னிப்புக் கேட்கிறார் (கேட்க மாட்டார்). அடுத்த வகுப்பில் நான் முட்டையைக் கைவிடுகிறேன் (வேறென்ன கற்றுக்கொடுப்பேன்?). பின் யூ பெரிய ஓவியராக... சே.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவைத் திருத்துங்கள், என்னை வேலையிலிருந்து அனுப்புங்கள், உங்கள் விருப்பம். அந்தப் படத்தை மட்டும் யாரும் ஆணியிலிருந்து கழற்றக் கூடாது.