பைக்குள் இருந்த காகிதம்

நான் வாயாடி. விதின் நகரில், பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் பனித்சா பலகாரம் விற்கிற என் கடைக்கு வந்து போகிற எல்லோரும் அதைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன்.

தம்பி கலோயனின் மனைவி நெவேனாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பரிசோதனைக்கூடம் என் கடைக்கு அடுத்த கட்டடம் என்பதால் முடிவுகளை நான்தான் வாங்கிவருவேன். அந்த முறை அவள் சிறுநீரில் ஒரு கிருமி இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பி வகை.

"தாய்க்கு ஒண்ணும் செய்யாதுங்க. பிரசவத்துல குழந்தைக்குத் தொத்திக்கிட்டாத்தான் ஆபத்து. வலி வந்ததும் இந்தக் காகிதத்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. பிறக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியாவது மருந்து ஏத்தணும்" என்றாள் அங்கிருந்த பெண்.

நெவேனா ஏற்கெனவே ஒரு கரு கலைந்தவள். தும்மினாலே பயப்படுவாள். "எல்லாம் நல்லா இருக்குடி" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை, பிறக்கப்போகும் குழந்தைக்குச் சாமான் சேர்த்துவைத்த பைக்குள் வைத்தேன். பை என் வீட்டில் இருந்தது. பிறக்கும் முன்னே குழந்தைச் சாமான் கர்ப்பிணியின் வீட்டுக்குள் போனால் ஆகாது என்பதில் நான் பிடிவாதம். அவள் ஆசைப்பட்டு வாங்கிய மஞ்சள் தொப்பியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் நான்.

மார்ச் மாதம், ஐந்து வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. கலோயன் போன் செய்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரில இருக்கோம். பையை எடுத்துட்டு வா."

"அறிவிருக்காடா உனக்கு? பிறக்கட்டும், அப்புறம் கொண்டு வரேன்."

"இந்தக் காலத்துல போய்..."

"வாயை மூடு. தலைப்பிரசவம், நாளைக்குத்தான் ஆகும்."

காகிதம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகட்டும். வந்தது. மதியக் கூட்டம் முடிந்ததும் அதை மட்டும் எடுத்துப் போகலாம் என்று இருந்தேன். மூன்று மணி நேரத்தில் பிறந்துவிட்டது. பெண்.

பையோடு ஓடினேன். குழந்தை நன்றாகத்தான் அழுதது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன், பாவி. மறுநாள் காலை அது முனகி முனகி மூச்சு விட்டது. உதடு நீலம் பாய்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டாக்டர் வந்தார்.

"ஏம்மா, உள்ள வந்தப்பவே கேட்டேனே, நிஜமாவே கிருமி எதுவும் இல்லையா?"

"இல்லை டாக்டர். எல்லாம் நல்லா இருக்குன்னு அக்கா சொன்னாங்களே" என்று நெவேனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையை விடுவித்துக்கொண்டு, பையைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் படித்தார். என்னைத் திட்டக்கூட நிற்காமல் ஓடினார்.

மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

கலோயன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெவேனா பார்த்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"மூணு நாள் இருந்தாளே அக்கா. அந்தத் தொப்பியை ஒரு தடவைகூடப் போட்டுப் பாக்கல."

பையிலிருந்து தொப்பியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.