முன் பிரேக் பிடித்தால் கவிழுமாம்

சதீஷ் தன் வண்டிக்குச் செய்யாத அலங்காரம் கிடையாது. இருபத்தைந்து வருடப் பழைய வண்டி அது. டேங்குக்குப் புதுப் பெயின்ட், காது கிழியக் கத்தும் சைலன்சர், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் போலத் தோன்றும் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்குள் இருந்தது என்னவோ பழைய டிரம் பிரேக்தான். அதைப் பிடித்தால் வண்டி நிற்காது, யோசிக்கும்.

தேவிகுளத்திலிருந்து மூணாறு இறங்கும் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் அவனுக்கு வரவேற்பறை வேலை. வருகிற டூரிஸ்டுகளுக்கு மலையில் வண்டி ஓட்டுவது எப்படி என்று வகுப்பு எடுப்பான். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும் என்பது முதல் பாடம். அதற்கு மேல் அவனிடம் பாடமும் இல்லை.

அவன் மனைவி மாரீஸ்வரி ஐ.டி.ஐ. முடித்தவள். அதே ரோட்டில் உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இலை உருட்டும் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிறவள். பைக் லைசென்ஸ் வாங்கியும் நாலு வருடமாயிற்று. பிரேக்கைப் பற்றி அவள் வாய் திறந்தால், அது ஃபேக்டரி மெஷின், இது பைக் என்று சொல்லிவிட்டு அவன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவான்.

ஜூலை மாதத்தில் ஒரு காலை, இருவரும் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது முன்னால் போன ஜீப் வளைவில் சட்டென்று நின்றது. சதீஷ் பின் பிரேக்கை முழுக்காலால் மிதித்தான். பின் சக்கரம் இறுகி ஈர ரோட்டில் வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் திரும்பி இருவரையும் தேயிலைச் செடிக்குள் தள்ளியது. மாரீஸ்வரிக்கு முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. எழுந்தவன் முதலில் டேங்கைத் தடவிப் பார்த்தான். அப்புறம்தான் அவளைப் பார்த்தான்.

"ரோடு சரியில்ல," என்றான்.

"அதே ரோட்டுலதான் ஜீப்பு நின்னுச்சு."

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள். அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தில் நாலு பேர் காரணம் கேட்டதில் சதீஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆன்லைனில் சிவப்பு நிற பிரேக் லீவர் ஒன்றை வரவழைத்து மாட்டினான். பந்தய வண்டிகளுக்கு உள்ளதாம். வண்டி முன்போலவே நிற்காமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை அவனை ரிசார்ட் ஜீப் வந்து கூட்டிப்போனது. மாரீஸ்வரி முன் சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் ஷூ இரண்டும் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தன. உள்ளே இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். ஷூவை விரிக்கும் கேம் துருவேறித் திரும்பவே மறுத்தது. கேபிளில் பாதி இழை அறுந்திருந்தது. இத்தனை நாள் உயிரோடு இருந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டாள்.

டிரம்மை எமரித் தாளால் தேய்த்தாள். கேமுக்குத் துளி கிரீஸ் வைத்தாள். முதல் நாளே வாங்கி வைத்திருந்த ஷூவையும் கேபிளையும் மாட்டினாள். கேமைத் திருப்பும் பிரேக் கை ரொம்பத் தள்ளி மாட்டப்பட்டிருந்ததால் கேபிள் இழுத்த இழுப்பெல்லாம் வீணாகியிருந்தது. அதை ஒரு பல் பின்னால் மாற்றி, பிரேக் பிடிக்கும்போது கேபிளுக்கு நேர் செங்குத்தாக நிற்கும்படி வைத்தாள். கடைசியாக, லீவரை அழுத்திக் கட்டிவைத்துவிட்டு அச்சு நட்டை இறுக்கினாள். அப்படிச் செய்தால்தான் ஷூ டிரம்மின் நடுவில் சரியாக உட்காரும்.

சாயங்காலம் வந்த சதீஷ், யாரைக் கேட்டு வண்டியைத் தொட்டாய் என்று குதித்தான். அவள் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள்.

"பின்னாடி உக்காருங்க."

சமதளத்தில் பத்துப் பதினைந்து தடவை மெல்லப் பிடித்துப் பிடித்து ஷூவைப் பதிய வைத்தாள். பிறகு இறக்கத்துக்கு வந்து, முன் பிரேக்கை இரண்டே விரலால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். வண்டியின் முன்பக்கம் சற்று அமுங்கியது. அலுங்காமல் நேராக நின்றது. பின்னால் சதீஷ் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"கவுந்துட்டமா?"

"கண்ணத் தொறந்து பாருங்க."

அடுத்த வாரமே ரிசார்ட்டில் பாடம் மாறிவிட்டது. வண்டியை நிறுத்துவதே முன் பிரேக்தான், தான் ஆராய்ந்து கண்டுபிடித்தது என்று சதீஷ் டூரிஸ்டுகளுக்குச் சொல்கிறானாம். அங்கே அறை சுத்தம் செய்யும் செல்வப்பிரியா வந்து சொன்னாள். மாரீஸ்வரி சிரிக்கக்கூட இல்லை.

சாவியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. காலையில் அவள்தான் ஓட்டுகிறாள். இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே போகிறான்.