கருவிழி ஓரம்

பிலோமினா ஃபேனை நிறுத்தினாள்.

"ஏய், இன்னாடி பண்றே?" அன்பரசன் மாமா சுவரோரம் இருந்து எழுந்தார். "இந்த வேக்காட்டுல பொணத்து மேல ஓடுற ஃபேனை நிறுத்துறியே, பைத்தியமா நீ?"

"காத்து பட்டா கண்ணு காஞ்சுடும் மாமா. கண் வங்கி ஆளு வர்ற வரைக்கும் போடக் கூடாது."

"எங்க அக்கா உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லியாச்சு. முதல்ல கண்ணு."

அம்மாவின் தலைக்கு அடியில் இரண்டு தலையணை வைத்திருந்தாள். மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சு. அது காயக் காயச் சொம்பிலிருந்து தண்ணீர் தொட்டு வைத்தாள். கொஞ்சம் வழிந்து அம்மா சவுரியம்மாளின் காதுக்குள் போனது. உயிரோடு இருந்தால் கையைத் தட்டி விட்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நாங்களாச்சும் விசிறிக்கலாமா பிலோ? இல்ல அதுக்கும் டாக்டர் கிட்ட கேக்கணுமா?"

யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

சமையலறை வாசலில் தங்கை நிஷா உட்கார்ந்திருந்தாள். விடியலில் அம்மா போனதிலிருந்து அங்கேயேதான். எதிரே டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"ஒரு வாய் குடிம்மா. பச்சைத் தண்ணி கூட இல்லாம இருக்கியே," என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

"வேணாம் காலா." அஃப்ஸர் ஜஹானைச் சித்தி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பாவம், அம்மான்னா உசுரு இதுக்கு," என்று ஒரு குரல்.

பிலோமினா இரண்டு டம்ளர் டீ குடித்திருந்தாள். அதையும் பார்த்திருப்பார்கள். போன் பண்ணியது அவள், மாலை வாங்க ஆள் அனுப்பியது அவள், பங்குச் சாமியாருக்குச் சொன்னது அவள். ஆனால் துக்கத்தில் முதல் ரேங்க் நிஷாவுக்கு. எப்பவும் போல.

தலையணைக்கு அடியில் அம்மாவின் போன் அலறியது. நிஷாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம். பொத்தான் போனில் அலாரம் வைக்க மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். பிலோமினா தலையைத் தூக்கிப் பிடித்து, போனை எடுத்து நிறுத்தினாள்.

"மருந்து இப்போ வேணாம்கா," என்றாள் நிஷா.

"ஏன்?"

"வேணாம்."

நடிக்கிறாள் என்று பிலோமினா நினைத்தாள்.

நிஷாவுக்கு நாலு வயதில் அது நடந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அம்மா அவளை வேலைக்குக் கூட்டிப்போயிருந்தாள். பிலோமினா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் யாரோ ஈரத்தோலைத் தூக்கிப் போட, தெறித்தது குழந்தையின் இரண்டு கண்ணிலும் விழுந்தது. இடது கண் வெள்ளையாகிவிட்டது. வலது கண்ணில் ஆள் அசைவு தெரியும், முகம் தெரியாது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே மகள்தான்.

கண் கெட்டவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? பிலோமினா பட்டாள். தினமும் பட்டாள். அம்மா முழங்கை வரை சோப்பு போட்டுக் கை கழுவி, நிஷாவை நாற்காலியில் உட்காரவைத்து, "மேல பாரு ராஜாத்தி" என்று இமையை இழுத்து மருந்து விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பட்டாள். அந்த வீட்டில், அந்தத் தெருவிலேயே, முதல் பட்டதாரி பிலோமினாதான். பட்டமளிப்பு அன்று, நிஷாவுக்கு மாற்றுக் கருவிழி வைத்த தையலைப் பிரிக்கும் நாள். போட்டோவில் பிலோமினாவின் பக்கத்தில் நிற்பது தோழியின் அம்மா.

அந்தத் தையல் போட்ட கருவிழியும் நிலைக்கவில்லை. சில மாதத்தில் புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கிவிட்டது. வேலூர் டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "முன்பக்கம் தழும்பு மட்டும்னா மேல் படலத்தை மாத்தினா போதும். உள்பக்கம் கெட்டா உள் படலத்தை மட்டும் வைக்கலாம். இவங்களுக்கு முழுக் கருவிழியே வெச்சும் நிக்கல. ஏன்னா கருவிழியோட ஓரம் வெந்துபோச்சு. அங்க இருக்கிற செல்லுதான் கண்ணைத் தெளிவா வெச்சிருக்கும். முதல்ல ஓரத்தைச் சரி பண்ணணும், அப்புறம்தான் கருவிழி. ஒரு கண்ணு நல்லா இருந்தா அதுலேர்ந்தே கொஞ்சம் எடுத்து வெப்போம். ரெண்டும் போனதால ரத்த சொந்தம் யாராச்சும் தரலாம். சின்னத் துண்டுதான், தர்றவங்களுக்குப் பார்வை போகாது. கூடப் பொறந்தவங்கன்னா ரொம்ப நல்லது."

டாக்டர் பிலோமினாவைப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை.

"என் கிட்ட எடுங்க சார்," என்றாள் அம்மா.

"உங்களுக்குச் சக்கரை ஜாஸ்தி. வயசும் ஆச்சு."

"அப்போ விடுங்க."

அவ்வளவுதான். பஸ்ஸில் ஆம்பூர் வரும் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா என்பது வேறு. கேட்கவே இல்லை. நிஷாவுக்குக் கொடுக்கக்கூட ஆகாதவளா நான் என்று அன்று ராத்திரி பிலோமினா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். அம்மா தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

அடுத்த மாதமே அம்மா கண்தானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். "உசுரோட இருந்தா எடுக்க மாட்டேன்றாங்க. செத்தா ஓரத்தோட முழுசா எடுத்து இவளுக்கு வெச்சுடட்டும்" என்று தெரு முழுக்கச் சொன்னாள். அப்படி வைக்கமாட்டார்கள், வரிசையில் இருக்கும் யாருக்கோ போகும் என்று பிலோமினாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. நிஷா முகத்தில் அம்மா கண் இருக்கும் என்று எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். ஒருநாள் தெரியவரும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கண் வங்கி ஆள் வந்தான். தௌசீப் அகமது என்று கழுத்து அட்டையில் இருந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டான். மறுபடி திறந்தபோது அம்மாவின் இமைகள் முன்பு மாதிரியே மூடியிருந்தன. மாமா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே," என்றார். அவருக்கு ஏமாற்றம் போலவும் இருந்தது.

தௌசீப் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். வண்டிக் கதவைத் திறந்தபோது பின்னால் நிஷா நின்றாள். தோளில் துணிப்பை. உள்ளே மாற்றுத் துணி, சொட்டு மருந்து, துண்டு. தலையைப் படிய வாரியிருந்தாள்.

"நான் முன்னாடி ஏறணுமா, பின்னாடியா?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "எங்க போகணும் மேடம்?"

"ஆப்பரேஷனுக்கு. ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. தண்ணி கூடக் குடிக்கல. போன தடவை வெறும் வயித்துல வரச் சொன்னாங்க."

வாசலில் நின்ற பிலோமினாவுக்கு ஆடை கட்டிய டீ ஞாபகத்துக்கு வந்தது.

"இல்லீங்க மேடம்," அவன் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னான். "இதைச் சோதிச்சுப் பார்ப்பாங்க. அப்புறம் வரிசையில யாரோ, அவங்களுக்கு. யாருன்னு உங்களுக்குச் சொல்லவும் மாட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

பார்க்க வேண்டும் என்று பிலோமினா நினைத்திருந்த முகம் அவள் எதிரில்தான் இருந்தது. நிஷா அழவில்லை. பையின் பட்டியை மட்டும் தோளில் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பிப் போன பிறகும், அது நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே. நாலு பேர் முன்னாடி பையைத் தூக்கினு வந்து நின்னேன்."

"நீ மட்டும் என் கிட்ட எல்லாம் சொன்னியா? அந்த ஓரம் எடுக்கிற விஷயத்துல ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? நீயும் கேக்கல, அம்மாவும் கேக்கல. நான் இன்னா தத்து எடுத்த புள்ளையா?"

நிஷா குரல் வந்த பக்கம் திரும்பினாள். "அம்மா சத்தியம் வாங்கிச்சு. மாதா படத்து மேல கை வெச்சு. 'ஒரு புள்ள கண்ணை நான் கெடுத்துட்டேன். இன்னொரு புள்ள கண்ணுல கத்தி பட விட மாட்டேன். நீ அவ கிட்ட கேட்டே, நான் உன் கூடப் பேச மாட்டேன்'னுச்சு."

பிலோமினா வண்டி போன பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் கூட ரெண்டு நாள் அம்மா மேல கோவமா இருந்தேன். என்னை விட உன்னைத்தான் அதுக்குப் பிடிக்கும்னு."

அதையும் அம்மா இவளிடம்தான் சொல்லியிருக்கிறாள். என் கண்ணைப் பற்றி, என்னிடம் இல்லை. பிலோமினா தங்கையின் தோளிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். நிஷா அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஃப்ரீசர் பெட்டி இன்னும் வரவில்லை. அம்மாவின் போனில் அலாரம் மறுபடி அலறியது. யாரும் எடுக்கவில்லை. பிலோமினா நிறுத்திவிட்டுப் பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். முழங்கை வரை சோப்பு போட்டாள். விரல் இடுக்கில் போட்டாள். கழுவி, மறுபடியும் போட்டாள்.

நாற்காலியை இழுத்து நிஷாவை உட்காரவைத்தாள். இமையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதிகம் இழுத்துவிட்டாள் போலிருக்கிறது, நிஷா பல்லைக் கடித்தாள்.

"அந்த வேலூர் டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பாரு?"

"செவ்வாயும் வெள்ளியும். எதுக்குக்கா?"

"மேல பாரு."

நிஷா நிமிர்ந்தாள். கூடத்தில் மாமா ஃபேனைப் போட்டிருந்தார். அம்மாவின் காலடியில் புடவைக் கரை மெல்ல எழுந்து அடங்கியது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் பிலோமினா.