பாதிப்பு இல்லை

வரிசையில் முதலில் நின்றவர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை, படம் திருத்தும் இலவசத் தளத்தில் கத்திரி திறந்தாள். மேலே பேட்டரி தெரிந்த பட்டையை வெட்டினாள். அதன் கீழே, 'எங்க தொலைஞ்சீங்க?' என்று அவர் மனைவி அனுப்பிய செய்தி பாதி எட்டிப் பார்த்தது. "விண்ணப்பத்துக்கு இது வேண்டாமில்ல சார்?" என்று கேட்டு அதையும் வெட்டினாள். வரிசையே சிரித்தது. அவர் அசடு வழிந்து முடிப்பதற்குள் பிரிண்ட் கையில் இருந்தது. இந்த வேகத்துக்காகத்தான் பிரவுசிங் சென்டரில் அவளுக்குக் 'கத்திரி' என்று பேர்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்துச் சலவைக்கடையில் துணி தேய்ப்பவள் வந்தாள். இருவருக்கும் எதிரெதிர் வீடு. வந்தவளின் புருஷன் சமையல் மேடைக் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். இருமல் விடவில்லை என்று பரிசோதனைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார்.

"ரிசல்ட் வந்துடுச்சுக்கா. அவர் போனைத்தான் எடுத்துட்டு வந்தேன். அவர் இன்னும் பாக்கல."

ஆஸ்பத்திரி அனுப்பிய ரிப்போர்ட்டின் படம் அது. இதயம்: பாதிப்பு இல்லை. நுரையீரல்: இரு பக்கமும் கல்தூசிப் பாதிப்பு. கடைசி வரியில், தூசியில் வேலை செய்யக் கூடாது என்று இருந்தது.

"இதை மாத்திக் குடுக்கா. அவரோட அண்ணன் இதே பட்டறையில, இதே நோவுலதான் போனாரு. எனக்கும் அதுதான்னா எங்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாரு. சோறு எறங்கல."

"பட்டறையில கேப்பாங்களே?"

"அவங்களுக்கு நாளைக்கு நானே போய் நிஜத்தைக் காட்டறேன். கால்ல விழுந்தாவது கேட்டுல வாட்ச்மேனா போடச் சொல்றேன். இது அவர் கண்ணுக்கு மட்டுந்தான்."

கத்திரிக்கு மனசு ஒப்பவில்லை. அழுகிறவளிடம் நியாயம் பேசவும் வாய் வரவில்லை. அசல் படத்தை மனைவியின் போனுக்கு அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினாள். இதயத்துக்கு நேரே இருந்த 'பாதிப்பு இல்லை'யை நகலெடுத்து நுரையீரலின் மேல் ஒட்டினாள். அதே எழுத்து, அதே மை. கடைசி வரியை வெட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்தியை மனைவி அழித்துவிட்டு, புதுப் படத்தைப் புருஷனின் போனில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் அவர் சிரிப்பது கேட்டது. "இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கத்திரிக்கும் நிம்மதியாக இருந்தது.

விடிந்ததும் கத்திரி வீட்டுக் கதவை வந்து இடித்தாள் மனைவி. "மோசம் போயிட்டேன்க்கா. சந்தோஷத்துல அந்தப் படத்தை மேனேஜருக்கு அனுப்பிட்டாராம். நல்லாத்தானே இருக்கே, அறுக்கிற ஹாலுக்கே வான்னுட்டாங்க. நான் தண்ணி பிடிச்சுட்டு வரதுக்குள்ள கெளம்பிப் போயிட்டாரு."

இருவரும் பட்டறைக்கு ஓடினார்கள். மேனேஜர் தன் போனையும் மனைவியின் போனையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. உட்காரக்கூடச் சொன்னார்.

"இவங்க கொண்டு வந்ததுதான் சார் நிஜம்" என்றாள் கத்திரி. "உங்களுக்கு வந்ததை நான்தான் மாத்துனேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"யார் மாத்தினா என்னம்மா? வந்தது அவன் போன்லேருந்து. போலி ரிப்போர்ட் குடுத்தவனை அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்தணும். நிறுத்தினா, இலவசமா வைத்தியம் பாக்க நாங்க குடுத்த ஆஸ்பத்திரி அட்டை கட். அப்புறம் மருந்து மாத்திரையெல்லாம் நீங்கதான் வெளியில பாத்துக்கணும்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எனக்கு வந்ததுல பாதிப்பு இல்லைன்னு இருக்கு. சொல்லுங்க, எதை ஃபைல்ல வைக்கட்டும்?"

மனைவி கத்திரியைப் பார்த்தாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வந்ததையே வெச்சுக்குங்க சார்."

"ஏய், என்னடி சொல்றே?"

"அட்டையும் போச்சுன்னா மருந்துக்கு நான் எங்கக்கா போவேன்?"

"அப்போ இதை அழிச்சுடுங்க" என்று மேனேஜர் அவள் போனை நகர்த்தினார். "பின்னால குழப்பம் வரக் கூடாது."

அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். போனைக் கத்திரியிடம் நீட்டினாள். ஒரு படத்தை அழிக்க வாழ்க்கையில் இத்தனை நேரம் கத்திரி எடுத்துக்கொண்டதில்லை.

வெளியே வரும் வழியில் அறுக்கும் ஹாலின் ஜன்னல் இருந்தது. புருவமெல்லாம் வெள்ளையாக உள்ளே நின்றவர் மனைவியைப் பார்த்துவிட்டார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு சிரித்தார்.

"நீ எதுக்கு வந்தே? அதான் ஒண்ணுமில்லேன்னு வந்துடுச்சே! போய் உன் வேலையைப் பாரு, போ."

அவளும் சிரிக்கப் பார்த்தாள். "மூக்கை மூடிக்கிட்டு வேலை செய்யுங்க!"

அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று காதருகே கையை வைத்தார். அவள் மறுபடி கத்தினாள். அப்போதும் கேட்காமல், அவள் சொல்வதைக் கேட்பதற்காக, வாயைத் திறந்தபடியே தூசிக்குள் நடந்து ஜன்னலை நோக்கி வந்தார்.