கடல் தெரியாத சந்தை

என் ஒன்றுவிட்ட தங்கை ஸலூத் அந்தக் கோடையில் தெற்கே ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். வலென்சியாவுக்குத் திரும்பும் வழியில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், பையிலிருந்து ஒரு டப்பா ஆலிவ் காய்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எம்பார், இதை யாருகிட்ட வாங்கினேன் தெரியுமா? உன் மேல்வீட்டு ரோசெரோட மூத்த பையன்கிட்ட."

நான் சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே சட்டியில் விட்டேன்.

"பாத்திஸ்தேவா?"

"அவனேதான். தாடி வெச்சிருக்கான். ஆனா புருவம் அப்படியே அவங்கப்பா புருவம். நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. தெரியாத மாதிரி இருந்தானோ என்னவோ."

"எந்த ஊர்ச் சந்தையில?"

"அதைத்தான் கேக்காதே. தினம் ஒரு ஊர், தினம் ஒரு சந்தை. எல்லாத்துலயும் அதே ஜட்டி, அதே முலாம்பழம், அதே பொரிச்ச கோழி. வெயில்ல கண்ணு கூசுது, தலையைக் குனிஞ்சுக்கிட்டு தார்ப்பாய்க்குக் கீழேயே நடந்தேன். எந்த ஊர்னு கேட்டா நான் எங்க போவேன்?"

பதினாலு வருஷமாக அவன் உயிரோடு இருக்கிறானா என்றே எங்களுக்குத் தெரியாது.

ரோசெரும் நானும் காந்தியா துறைமுகத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அவள் மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்கியவள். நான் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள். அவள் கணவர் ஜாவுமேக்குச் சொந்தமாக ஒரு சிறிய படகு இருந்தது. இரண்டு பையன்கள். பெரியவன் பாத்திஸ்தே, சின்னவன் கேலோ. பெரியவனுக்கு இருபத்திநாலு, சின்னவனுக்குப் பத்தொன்பது நடந்த பிப்ரவரி மாதத்தில், கீழைக்காற்று கிளம்பும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், அப்பா காய்ச்சலில் படுத்திருந்த நாளாகப் பார்த்து, பெரியவன் தம்பியைக் கூட்டிக்கொண்டு படகை எடுத்தான். துறைமுகத்து வாயிலிலேயே படகு கவிழ்ந்தது. பெரியவன் நீந்திக் கரையேறினான். சின்னவன் நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தான்.

எங்கள் ஊர்க் கல்லறையில் சவப்பெட்டியைச் சுவர் மாடத்துக்குள் தள்ளி, கொத்தனார் சாந்து பூசி மூடுவார். அவர் பூசிக்கொண்டிருந்தபோது ரோசெர் பெரியவன் பக்கம் திரும்பினாள். அவள் கத்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் ஜாவுமேக்கும் மட்டும்தான் கேட்டது.

"அவனை விட்டுட்டு நீ எதுக்குடா வந்தே?"

அன்று சாயங்காலமே பாத்திஸ்தே ஒரு பையோடு கிளம்பிவிட்டான். ரோசெர் தடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துத் தேட ஆரம்பித்தாள். அதற்குள் அவன் தொலைபேசி எண் வேறு யாரிடமோ இருந்தது.

ஸலூத் போனதும் ஆலிவ் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சொல்லலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு படியிலும் யோசித்தேன். சொன்னேன். ரோசெர் டப்பாவைத் திறக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஜாவுமே நாற்காலியில் இருந்தபடி, "கேலோ வந்துட்டானா?" என்று கேட்டார். மூன்று வருஷமாக அவருக்கு நினைவு தப்பிக்கொண்டே போகிறது. படகை விற்றதும் தெரியாது, பையனைப் புதைத்ததும் தெரியாது.

"அவன் செத்துட்டான் ஜாவுமே," என்றாள் ரோசெர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிற மாதிரி அழ ஆரம்பித்தார். தினமும் இது நடக்கும். மேல்தளம் வழியாக எனக்குக் கேட்கும். பொய் சொல்லக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

ஜாவுமேயை முதியோர் பகல் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. ஆகவே வெள்ளிக்கிழமைச் சந்தைகளில் ஒன்றைத்தான் நாங்கள் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு ஊர்களுக்கு ஒரே காலையில் போய்த் திரும்ப என் பழைய காருக்கும் தெம்பில்லை, எனக்கும் இல்லை. அவள் சமையலறை மேசையில் சாலை வரைபடத்தை விரித்து வைத்தோம்.

"ஒலீவா?" என்றேன்.

"அது பக்கத்து ஊரு. அங்க இருந்தா பதினாலு வருஷத்துல யாராவது பார்த்துச் சொல்லியிருப்பாங்க."

"அப்போ மொராய்ரா, இல்லைன்னா கதா."

"மொராய்ரா சந்தை எங்க போடறாங்க?"

"கடற்கரை ஓரமா. நடுக் கடையில நின்னா தண்ணி தெரியும்."

"அங்க இருக்க மாட்டான்," என்றாள் உடனே. "கடல் தெரியற இடத்துல அவனால நிக்க முடியாது. என்னாலயே முடியல. கடல் பக்கம் இருக்கிற ஜன்னலைத் திறந்து எத்தனை வருஷம் ஆச்சு, நீயே சொல்லு. கதாவுக்குப் போவோம். அது கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கு."

பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று நான் ஒத்துக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை கதாவில் மழை. பாதிக் கடைகள் வரவில்லை. வந்தவர்களும் பதினோரு மணிக்கே மூட்டை கட்டினார்கள். அதனால் அடுத்த வாரமும் அங்கேயே போகவேண்டும் என்றாள். போனோம். கூடைக் கடைகள், செருப்புக் கடைகள், உப்புக் கருவாட்டுக் கடைகள் என்று மூன்று தடவை சுற்றி வந்தாள். ஆலிவ் விற்ற இரண்டு பேருமே கிழவர்கள். அதில் ஒருவர், "என்னம்மா, மூணு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துட்டுப் போறீங்க, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு," என்றார். ரோசெர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. கால் கிலோ வாங்கினேன்.

மூன்றாவது வாரம் நான் அவளைக் கேட்கவே இல்லை. காரை மொராய்ராவுக்கு விட்டேன். பாதி வழியில் புரிந்துகொண்டாள். "வீண் பெட்ரோல்," என்றாள்.

அவன் அங்கே இருந்தான்.

வரிசையின் கடைசிக் கடை. அவனுக்குப் பின்னால் தார்ப்பாய் இல்லை, கடல்தான் இருந்தது. பச்சை, கறுப்பு, இடித்தது, பூண்டு போட்டது என்று தொட்டிகள் அடுக்கியிருந்தன. நாலைந்து பேர் நின்றார்கள். ரோசெர் போய், "வரிசையில கடைசி யாரு?" என்று கேட்டாள். ஒரு கிழவி கை காட்டினாள். ரோசெர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் தள்ளி நின்றேன். பாத்திஸ்தே நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டான். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு கிழவிக்கு எடை போட்டான், மூடி போட்டான், நல்லா இருங்க என்றான்.

"உங்களுக்கு?"

ரோசெரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லுங்க, என்ன வேணும் உங்களுக்கு?"

"இடிச்சது. கால் கிலோ."

போட்டுக் கொடுத்தான். காசை வாங்கிக்கொண்டான். அவள் நகரவில்லை.

"பாத்திஸ்தே..."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்றான். குரலில் கோபமே இல்லை. வேறு எவளிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பான். "அடுத்து யாரு?"

அவளைக் காரில் உட்காரவைத்துவிட்டு நான் திரும்பி வந்தேன். ஒன்றரை மணிக்கு அவன் தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "எம்பார் அத்தை," என்றான். அவன் என்னைச் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அப்பா எப்படி இருக்காரு?"

உள்ளதைச் சொன்னேன். தினமும் கேலோவைக் கேட்பதையும் சொன்னேன். அவன் தொட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அது காய்ந்த பிறகும்.

"உங்கம்மா அன்னைக்குச் சொன்னது பித்துப் பிடிச்ச நேரத்துல சொன்னதுடா," என்றேன். "அதுக்காகப் பதினாலு வருஷமா?"

"அவங்க கேட்டது எனக்குப் புதுசில்லை அத்தை. தண்ணியிலேர்ந்து ஏறினதுலேர்ந்து நானே அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். உலகத்துல ஒருத்தராவது இல்லைடா, நீ வந்ததே போதும்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அது அம்மாவாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"நீ கடல் பக்கமே வரமாட்டேன்னு சொன்னா அவ. ரெண்டு வாரம் கதாவுல தேடினோம்."

அவன் திரும்பிப் பார்த்தான். அலையே இல்லாத நாள். "வேற எங்க போறது நான்," என்றான். பிறகு வண்டியின் கதவை அறைந்து மூடினான். "அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அப்பாவை மட்டும்."

அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தேன். கடைசியில் அப்படியே சொல்லிவிட்டேன். "சரி," என்றாள். "நான் தூரமா உட்கார்ந்துக்கறேன். கூட்டிட்டுப் போவோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜாவுமேயைப் பகல் இல்லத்துக்கு அனுப்பாமல் சவரம் செய்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக் கூட்டிப் போனோம். ரோசெர் இரண்டு கடை தள்ளி இருந்த பொரித்த கோழிக் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். என் பெயரையே மறந்துபோன மனுஷன், தொட்டிகளுக்கு முன்னால் நின்று பையனை ஏறிட்டுப் பார்த்தார்.

"பாத்திஸ்தே, எதுக்குடா தாடி? வழிச்சு எறி. பாக்கச் சகிக்கல."

பாத்திஸ்தே கடையை விட்டு வெளியே வந்தான். ஆலிவ் தண்ணீர் சொட்டும் கையோடு அவரைக் கட்டிக்கொண்டான். வாங்க நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

"தம்பி எங்க?" என்றார் ஜாவுமே அவன் தோளில் இருந்தபடி.

நான் கோழிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வர்றான்ப்பா. வண்டியை நிறுத்திட்டு வர்றான். இடம் கிடைக்கல போல."

"வெள்ளிக்கிழமைன்னா இடம் எங்க கிடைக்கும்," என்றார் ஜாவுமே நிம்மதியாக. அவன் போட்ட முக்காலியில் உட்கார்ந்தார். கொடுத்த காய்களைத் தின்று, கொட்டைகளை உள்ளங்கையில் துப்பிச் சேர்த்துக்கொண்டு, மதியம் வரை சின்னவன் வருவதற்காகச் சந்தோஷமாகக் காத்திருந்தார்.

கோழிக் கடைக்குப் பின்னால் ரோசெர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் ஜாவுமே தூங்கிவிட்டார். ரோசெர் முன்சீட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருஷமா தினம் ஒரு தடவை அவருக்குப் புள்ளையைச் சாகடிச்சேன் எம்பார்," என்றாள். "வண்டியை நிறுத்திட்டு வர்றான்னு ஒரு வார்த்தை எனக்கு வரல."

அன்றிலிருந்து அவளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். மேலேயிருந்து அழுகை வருவது நின்றுபோனது.

பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் மொராய்ராதான். வேறு சந்தை என்ற பேச்சே இல்லை. நான் ஜாவுமேயைக் கடையில் விட்டுவிட்டு வருவேன். ரோசெரும் நானும் சாலைக்கு எதிர்ப்பக்கம் காப்பிக் கடையில் உட்காருவோம். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியாது, ஏனென்றால் அவன் கடை அந்தப் பக்கம்தான் இருந்தது. முதல் சில வாரங்கள் கண்ணுக்குக் கை வைத்துக் கடலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை, அக்டோபரில், காற்று பலமாக அடித்தபோது அவருக்குச் சால்வை கொண்டுபோனாள். பாத்திஸ்தே அதை அவள் கையிலிருந்து வாங்கி அப்பாவுக்குப் போர்த்தினான். "அப்பாவை மட்டும்தானே கேட்டேன்," என்றான். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஜனவரியில் ஜாவுமேக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாத்திஸ்தே வந்து பார்த்தான், அவள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து. ஒன்பது நாளில் அவர் போய்விட்டார். சின்னவனுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தோம். பாத்திஸ்தே சுவரின் மறு கோடியில் நின்றான். எல்லோரும் கலைந்த பிறகு ரோசெர் அவனிடம் போனாள். நான் போகவில்லை, ஆனால் காற்று என் பக்கம்தான் அடித்தது.

"அன்னைக்கு இதே இடத்துல நான் கேட்டது தப்பு. நீ வந்ததே போதும்னு சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றான் அவன். "சொல்லியிருக்கணும்." சற்று நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "உடம்பைப் பாத்துக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

அதற்குப் பிறகு அவள் மொராய்ராவுக்கு வரவில்லை. போவோமா என்று நான் கேட்டபோது, "எதைச் சாக்கு சொல்லிப் போறது," என்றாள்.

ஏப்ரலில் ஜாவுமேயின் துணிகளை ஒழித்தாள். மாதா கோவிலுக்குக் கொடுப்பவற்றைத் தனியே மடித்தாள். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை மட்டும் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். பாத்திஸ்தே வேண்டாமென்றால் திருப்பிக் கொண்டுவா, கட்டாயப்படுத்தாதே என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். பாத்திஸ்தே காகிதத்தைப் பிரித்தான். கோட்டை முகர்ந்து பார்த்தான். சந்தை நடுவில், அந்த வெயிலில், ஏப்ரனுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு வேலை செய்தான். அடுத்து யாரு, அடுத்து யாரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

நான் கிளம்பும்போது, "ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா?" என்றான்.

"இல்லைப்பா. வேண்டாம்னா திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னா."

தலையை ஆட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து ரோசெரிடம் சொன்னேன். போட்டுக்கொண்டானா என்று கேட்டாள். போட்டுக்கொண்டான் என்றேன்.

"சரியா இருந்துதா?"

"தோள் சரியா இருந்துது. கைதான் ரெண்டு விரக்கடை குட்டை."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"உள்மடிப்புல துணி இருந்துது," என்றாள். "அவிழ்த்து இறக்கி விட்டிருக்கலாம். அவன் அளவு எனக்குத் தெரியல."