ஆடியில் போட்ட கூச்சல்

உறையூர் சாயக்காரச் சந்தில் மகாலட்சுமி போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர எட்டு மாதம் ஆனது. ஆடியில் கிளம்பியது, பங்குனியில் சேர்ந்தது. நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவரும் ஒரு முருங்கை மரமும்தான். அன்று காலை நல்ல வெளிச்சம், காற்று இல்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்ததும், மீன்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனதும் காதில் விழுந்ததை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கூச்சல் மட்டும் விழவில்லை என்றார்கள். ஒரு சந்து முழுவதும் சேர்ந்து கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் ஒரு கூச்சல் என்னதான் செய்யும். அது எங்கேயோ ஒதுங்கிக் காத்திருந்தது.

மகாலட்சுமி சந்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போன ஆடி அது. ஊர் ஜனம் பாலத்தில் நின்று வெள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வாரத்தில் அவள் வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதியது. சந்து முனையில் முதல் வீடு சிவசங்கருடையது, லோடு ஆட்டோ ஓட்டுபவன். கார்ப்பரேஷன் குழாயில் மோட்டாரை மாட்டி, வருகிற தண்ணீரையெல்லாம் தன் தொட்டிக்கு உறிஞ்சிக்கொண்டான். அவனைப் பார்த்து நடுவிலிருந்த வீடுகளும் ஆளுக்கொரு சின்ன மோட்டார் வாங்கி, மேலே அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தன. மகாலட்சுமி கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள். மறுநாள் காலை சிவசங்கர் ஓர் இரும்புக் குழாய்த் துண்டோடு அவள் வாசலுக்கு வந்தான். "யாராச்சும் வாங்களேன்" என்று அவள் கத்தினாள். ஒருவரும் வரவில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது. சந்தின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்ட சத்தத்தை அவள் தரையில் கிடந்தபடி கேட்டாள். கூடைக்கு அடியில் மோட்டாரை வைத்திருப்பவன் வெளியே வந்து எந்த வாயால் பேசுவான்.

போலீஸ் வந்து விசாரித்தபோது, குழாயடியில் பாசி, வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சந்து சொன்னது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், வழுக்கி விழுந்தால் இப்படி உடையாது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சந்துக்காரர் இல்லை. பிறகு சமாதானம் செய்து வைத்தார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையரான தர்மராஜ் தெரு நலச் சங்கத்தின் தலைவர், மகாலட்சுமி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவர்தான் நாள் பார்த்தார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பச்சைப் புடவை. பங்குனியில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி உறையூர் நாச்சியாரைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போது, கோபத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும் ரங்கநாயகித் தாயாரே கடைசியில் திறந்துவிடுகிறாரே, மனுஷர்கள் நாம் எம்மாத்திரம் என்று அவர் பேசினார். "தாயார் கையை யாரும் ஒடைக்கலீங்க சார்" என்றாள் மகாலட்சுமி. அதுவும் யார் காதிலும் விழவில்லை. வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் தட்டை வாங்க இடது கையை நீட்டினாள். "இடது கையால வாங்காதம்மா, நல்ல காரியம்" என்றார் தர்மராஜ். அவர் சொன்னதை நான்கு பேர் ஆமோதித்தார்கள். தட்டைக் கட்டுப் போட்ட கையின் மேலேயே வைத்தார்கள். அவள் வலியில் முகம் சுளித்ததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள். சிவசங்கர் சர்க்கரை குறைவு என்றான்.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. தையல் மெஷினை ஓட்ட முடிந்தது, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. துணி வெட்ட முடியாத தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள். முசிறியிலிருந்து அவள் தம்பி வந்து, வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வா என்றான். வழுக்கி விழுந்தவளாக இந்தச் சந்தைவிட்டுப் போக மாட்டேன், என்ன நடந்தது என்று இவர்கள் வாயால் சொல்லட்டும், அப்புறம் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பிள்ளைகள்கூட அவளை வழுக்கி விழுந்த அக்கா என்றே அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தன.

பங்குனியில் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிய அன்று பாதிச் சந்து கோயில் கூட்டத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டு வஹீதா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு வெளியே ஓடிவந்தாள். யாராச்சும் வாங்களேன் என்று மகாலட்சுமியின் குரல் அவள் அடுக்களையில் கேட்டது. வந்து பார்த்தால் மகாலட்சுமி வாய் திறக்காமல் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வஹீதா திரும்பிப் போனாள், குரல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. குழாயைத் திறந்தால் கேட்டது, பீரோவைத் திறந்தால் கேட்டது, தொழுகைக்கு நின்றால் பாய்க்கடியிலிருந்து கேட்டது. ரம்ஜான் நோன்பு முப்பது நாளையும் தாங்குகிறேன், இந்தச் சில நாள் அதைவிட நீளம் என்று அவள் பிற்பாடு சொன்னாள். ஒரு நாள் மகாலட்சுமியிடம் போய், நிறுத்து என்று கேட்காமல், எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் ஜன்னல்ல நின்னேன். அவன் குழாயை ஓங்கினதைப் பார்த்தேன். சாயங்காலம் பொண்ணைப் பார்க்க வராங்க, வம்புல மாட்டிக்கக் கூடாதுன்னு திரையை இழுத்து விட்டுட்டேன். நீங்க வழுக்கல."

மகாலட்சுமி பொத்தானைத் தைத்து முடித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "பொண்ணுக்கு அந்த இடம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடியவில்லை என்றாள் வஹீதா. அன்று அவள் வீட்டில் குரல் நின்றது. மறுநாள் காலை அடுத்த வீட்டில், தர்மராஜின் பூஜை அலமாரியில் கேட்டது.

தர்மராஜ் படித்தவர், முறைப்படி செய்தார். முதலில் காது டாக்டரிடம் போனார். அடுத்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வரவழைத்து ஹோமம் வளர்த்தார். மந்திரத்துக்கு நடுவில் குரல் கேட்டபோது சாஸ்திரிகள், "ஸ்வாமி, யாரோ அழைக்கறாளே, தேவரீர் போய்ப் பார்க்கப்படாதோ?" என்று கேட்டுவிட்டு, பாதியில் எழுந்து தானே வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சந்துக்காரர் அல்லாதவர்களுக்கு இதெல்லாம் எளிதாக வருகிறது. கடைசியில் தர்மராஜ் மகாலட்சுமியிடமே வந்து, சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன், இந்தச் சத்தத்தை நிறுத்திக்கொள் என்றார்.

"அது என்னோடது இல்லீங்க. அன்னிக்கே உங்களுக்கெல்லாம் கொடுத்துட்டேன். இப்பதான் வந்து சேர்ந்திருக்கு. வந்ததை நீங்கதான் பாத்துக்கணும்."

அவள் வீட்டில் குரல் எப்படி நின்றது என்று அவர் வஹீதாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து, தானும் பார்த்ததாகச் சொன்னார். குரல் நிற்கவில்லை. மறுநாள் வந்து, பார்த்தும் வராதது தப்பு என்றார். நிற்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோது அவள் கோணிய கையை மேசையில் அறைந்தாள். "ஆளாளுக்கு மனசுல உள்ளதை இங்க கொட்டிட்டு நிம்மதியா போறதுக்கு நான் என்ன குப்பைத்தொட்டியா? எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, எனக்குத்தான் தெரியுமே. அவன் வாசல்ல போய்ச் சொல்லுங்க சார்." வஹீதா முதலில் வந்தவள் என்பதால் பொறுத்துக்கொண்டாளாம். இனி வருகிறவர்கள் தெருவில் நின்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடுகிற நேரத்தில் தர்மராஜ் சிவசங்கர் வீட்டு வாசலில் நின்று, புகார் கொடுத்தது மகாலட்சுமி என்று அவனிடம் போய்ச் சொன்னது நான்தான் என்றார். என் வீட்டிலும் மோட்டார் இருந்தது என்றார். சிவசங்கர், பெரிசுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்தான். தர்மராஜ் வீட்டில் குரல் நின்றது, அடுத்த வீட்டுக்குப் போனது. அதன் பிறகு வைகாசி வரைக்கும் சந்தில் இதுதான் நடந்தது. தண்ணீர் எந்த வழியாக வருமோ அதே வழியில் எதிர்த்திசையில் கூச்சல் வீடு வீடாக ஏறியது. கேட்டவர்கள் தெருவில் வந்து நின்று தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். முழுதாகச் சொன்ன வீட்டில் நின்றது, மென்று முழுங்கியவர்கள் வீட்டில் உரத்தது. அன்று நான் ஊரிலேயே இல்லை என்று சொன்ன நடு வீட்டுச் சுரேஷ்குமாரை அது அவன் வேலை பார்க்கும் முசிறி வாழைக்காய் மண்டிவரை துரத்திக்கொண்டு போய், ஏலம் கூறுகிறவர் குரலை அமுக்கியது. மண்டிக்காரர்கள் அவனைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடித்ததும் கூடைகளை நிமிர்த்தி மோட்டாரைக் கழற்றினார்கள். பேசத் தயங்கினவர்களுடன் ஏற்கெனவே பேசினவர்கள் துணைக்குப் போய் நின்றார்கள். இதே ஆட்கள், இதே கால்கள். ஆடியில் ஒருவர் துணைக்கு ஒருவர் நின்றிருந்தால் ஒரு கை மிஞ்சியிருக்கும்.

சிவசங்கர் வீட்டுக்கு முந்தைய வீடு அவன் தாய் இருசம்மாளுடையது. அங்கே போனது அங்கேயே தங்கிவிட்டது. இருசம்மாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள், ரேடியோவை உரக்க வைத்தாள், சாப்பாட்டைக் குறைத்தாள். ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. வஹீதா மட்டும் தினம் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒரு நாள் காலை இருசம்மாள் வஹீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மகன் வாசலுக்கு வந்தாள்.

"அந்த இரும்புக் குழாய் எங்கடான்னு நீ கேட்டே. தொட்டிக்குப் பின்னாலன்னு நான்தான்டா சொன்னேன். அந்தப் பொண்ணு வழுக்கி விழல. உங்கிட்ட அடி வாங்குச்சு."

அப்போது சிவசங்கருக்குக் கேட்டது. மற்றவர்களுக்கு வீட்டில் கேட்டது அவனுக்கு உடம்பில் கேட்டது. யார் கூப்பிடுறது, யார் கூப்பிடுறது என்று சந்தின் கடைசிவரை ஓடினான். மகாலட்சுமி வாசலில் விழுந்து, மன்னிச்சிருங்கக்கா என்றான். சந்து முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. ஹோமம் வளர்த்தவர்களும் தட்டு தூக்கினவர்களும் கண்ணில் ஈரத்தோடு அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

"கேக்கறது உன் வேலை, கேட்டுட்டே" என்றாள் மகாலட்சுமி. "கொடுக்கறதா வேண்டாமாங்கறது என் வேலை. எனக்கு இப்ப வேற வேலை இருக்கு. எந்திரி. முதல்ல ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. அப்புறம் தினமும் காலைல வந்து துணி வெட்டு. என் கை வெட்டாது."

ஸ்டேஷனில், அந்த விஷயம் அப்போதே முடிந்துவிட்டதே என்றார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கூச்சல் அங்கேயும் மேசைக்கு அடியில் கேட்கத் தொடங்கியதால் மறுபடி எழுதிக்கொண்டார்கள். தர்மராஜும் சுரேஷ்குமாரும் சாட்சி சொன்னார்கள். வழக்கு நடக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போகிறது. துணி வெட்டுவது அதற்குக் காத்திருக்கவில்லை. காலையில் சிவசங்கர் வராமல் போனால் லோடு ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்கு லோடு கொடுக்க மாட்டார்கள், டீக்கடையில் டீ வராது, இருசம்மாள் கதவைத் திறக்க மாட்டாள். அவன் அழுதால் தர்மராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஆனால் கத்தரிக்கோலை வாங்கிக்கொள்ள மாட்டார். மகாலட்சுமி சாக்கட்டியால் கோடு போட்டாள், அவன் வெட்டினான். கோட்டில் கத்தரி நிற்கவில்லை. சந்துப் பெண்கள் தெரிந்தேதான் துணி கொடுத்தார்கள். அந்த வருடம் கே.கே. நகரிலும் திருவெறும்பூரிலும் நடந்த கல்யாணங்களுக்குச் சாயக்காரச் சந்துப் பெண்கள் கழுத்து கோணிய ரவிக்கைகளோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். யார் தைத்தது என்று கேட்டவர்களுக்கு, இன்னார் வெட்டியது, இன்ன காரணத்தால் வெட்டுகிறான் என்று முழுக்கச் சொன்னார்கள். இப்போது அவன் வெட்டு தேவலை. அவள் இன்னும் மன்னிக்கவில்லை. முசிறிக்கும் போகவில்லை.

கூச்சல் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள், ஓயவில்லை. சந்து முனைவரை போனது திரும்பி, ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வீட்டில் கேட்கிறது. கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வருகிறார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வருகிறார்கள். ஒன்றும் நடந்திருக்காது. கொஞ்ச நேரம் நின்று தண்ணீர் வந்ததா என்று விசாரித்துவிட்டுக் கலைகிறார்கள். மகாலட்சுமி தலையைத் தூக்கி, யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி மெஷினை மிதிக்கிறாள். சந்தில் வீடு வாடகைக்குக் கேட்டு வருபவர்களிடம் வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்: தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், வண்டி நிறுத்த இடம் கிடையாது, எப்போதாவது ஒரு கூச்சல் கேட்கும், கேட்டால் வெளியே வர வேண்டும், அட்வான்ஸ் பேசிக்கொள்ளலாம்.