காஸ்காரர் தட்டும் சத்தம்

டங்... டங்... டங்!

கெய்ரோவின் ஷுப்ரா தெருவில் காஸ்காரர் சிலிண்டரை ஸ்பேனரால் தட்டிக்கொண்டு வந்தார். நான்காவது மாடியில் ராமேஸுக்கு நெஞ்சு திடுக்கென்றது. போன குளிர்காலத்தில் இதே சத்தத்தைத்தான், தன்னைக் கடத்த வந்த கும்பலின் சங்கேதம் என்று நம்பினான். கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்தி வைத்தவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

இன்று வெண்டைக்காய்க் குழம்பு பாதி வெந்தபோதே காஸ் தீர்ந்துவிட்டது. மறுபடியும் தொடங்கிவிடுமோ என்று அக்கா மெர்வத் தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"என்னடா, உன் ஆளுங்க வந்துட்டாங்களா?"

"கிண்டல் பண்ணாதக்கா. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஒண்ணுமில்லாத சத்தத்துக்கும் என் மூளை 'இது உனக்குத்தான், உஷார்'னு மணி அடிக்குதாம். ஏன் அடிக்குதுன்னு புரியாம நானே ஒரு கதை கட்டிடறேனாம்."

"இப்ப என்ன கதை?"

"இன்னும் கட்டலை. மணி மட்டும்தான் அடிக்குது. மாத்திரையால அதுவும் கொஞ்சம் மெதுவா."

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தான். எதிர்வீட்டு அம்மாளும் சிலிண்டர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். அவனும் கத்தினான்.

"உஸ்தா! காஸ்காரரே! நாலாவது மாடிக்கு ஒண்ணு!"

காஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். "கேட்டுடுச்சா? இத்தனை நாளா உனக்காகத்தானே கை வலிக்கத் தட்டறேன், ராசா!"

மெர்வத் பால்கனிக்கு ஓடி வந்தாள். ராமேஸ் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தான். பிறகு குபீரென்று சிரித்துவிட்டான்.

"பாத்தியாக்கா? நான் கதையை விட்டாலும் இந்த மனுஷன் எடுத்துக் குடுக்கறாரு!"

சிரித்துக்கொண்டே போய்க் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தான்.